ஊரின் பெயரை மறைக்கலாம், ஊரை மறைக்க முடியுமா?

கேள்வி: நானும் கல்லூரியில் என்னோடு படித்த நண்பனும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்கிறோம். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த தம்பியை ஓர் அக்கா தேடிப் போகிறாள், அதுதான் கதை. மதுரையில் நடப்பதாக நான் வரைய ஆரம்பித்தேன். நண்பனோ, "ஏதோ ஒரு பழைய நகரம், ஏதோ ஒரு காலம் என்று விட்டுவிடலாம். அப்போதுதான் எல்லா நாட்டுக்காரர்களும் விளையாடுவார்கள். மாசி வீதி என்றால் பிரேசில்காரருக்கு என்ன தெரியும்?" என்கிறான். இந்தச் சண்டையில் வேலையே நின்றுவிட்டது. ஒரு கேமுக்கு இடமும் காலமும் தெளிவாக இருந்தே ஆக வேண்டுமா?

பெயர் வேண்டாம், திருநகர், மதுரை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேமுக்கு இருந்தே ஆக வேண்டும். எல்லா விளையாட்டுக்கும் அப்படி இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலியும் 15 ஆடும் எந்தக் காட்டில் நிற்கின்றன என்று யாரும் கேட்டதில்லை. டெட்ரிஸில் கட்டைகள் எந்த வானத்திலிருந்து விழுகின்றன என்றும் கேட்பதில்லை. அங்கே அடுக்குவதிலும் மறிப்பதிலும்தான் சுகம். ஆனால் ஒருத்தி நடக்கிறாள், ஒருவனைத் தேடுகிறாள் என்று ஆகிவிட்டால், விளையாடுபவர் முதலில் கேட்பதே "நான் எங்கே நிற்கிறேன்?" என்றுதான். அதற்குப் பதில் இல்லாவிட்டால், தம்பி தொலைந்ததுகூட அவர் மனதில் தைக்காது.

உங்கள் நண்பர் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். ஊரின் பெயர் வேறு, ஊர் வேறு. நம் அகப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் பெயரும் வராது, தலைவி பெயரும் வராது. ஆனால் அவள் காத்திருப்பது முல்லைக்காட்டில், கார்காலத்து மாலையில் என்பதில் சந்தேகமே எழாது. நிலத்தையும் பொழுதையும்தான் தொல்காப்பியம் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்துக்குரிய மரம், பறவை, உணவு, தொழில், பறை எல்லாம் கருப்பொருள். இவற்றின் மேல்தான் உரிப்பொருளாகிய மனநிலை வந்து உட்காருகிறது. மூன்றிலும் சிறந்தது உரிப்பொருளே. உங்கள் கேமில் அது அக்காவின் தவிப்பு. அந்தத் தவிப்புக்குக் கால் பதிக்க ஒரு மண் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கேம் உலகத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2002-ல் வந்த ஜிடிஏ வைஸ் சிட்டியில் ஊருக்கு 'மயாமி' என்ற அந்த அமெரிக்க நகரத்தின் பெயர் கிடையாது. ஆனால் அது மயாமிதான், வருஷம் 1986 என்பதை ரேடியோவும் கார்களும் நியான் விளக்குகளும் சொல்லிக்கொண்டே இருக்கும். 2005-ல் தொடங்கிய யாகுசா வரிசையில் வரும் கமுரோச்சோ, டோக்கியோவின் கபுகிச்சோ என்ற பகுதியை அப்படியே பார்த்துச் செய்தது. சில தெருக்கள்தான். அதே தெருக்கள் அடுத்தடுத்த கேம்களில் வேறு வேறு வருஷங்களில் திரும்ப வரும். விளையாடியவர்களுக்கு அந்த முக்குகள் சொந்த ஊரின் முக்குகளைப் போலப் பழகிவிடும். பரந்த வெற்று நிலத்தைவிட நன்றாகத் தெரிந்த நான்கு தெரு பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெயரும் இல்லாமல், பேச்சும் இல்லாமல் ஜெயித்த கேமும் இருக்கிறது. 2012-ல் வந்த ஜர்னியில் பாலைவனம் மட்டும்தான். அங்கே தூரத்தில் உச்சியில் ஒளிவிடும் ஒரு மலை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். போக வேண்டிய இடம் அதுதான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெயர் இல்லையே தவிர, இடம் கல்லில் செதுக்கியது போலத் தெளிவு. மதுரையில் உங்களுக்கு இந்த வேலையை மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள் செய்யும். வெளிக் கோபுரம் நான்கும் ஒரே மாதிரி இல்லை. தெற்குக் கோபுரம்தான் உயரம். வடக்குக் கோபுரத்தை இன்றும் மொட்டைக் கோபுரம் என்கிறார்கள். வழி தவறிய பிள்ளை அண்ணாந்து பார்த்துத் திசை கண்டுபிடிக்கும் ஊர் இது. ஓரத்தில் அம்புக்குறி போடவே வேண்டாம்.

பிரேசில்காரருக்கு என்ன தெரியும் என்கிறாரே உங்கள் நண்பர், அவருக்கு 2023-ல் வந்த 'வெண்பா' என்ற கேமைக் காட்டுங்கள். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா தந்த சமையல் நோட்டு, அதில் அங்கங்கே அழிந்துபோன வரிகள். அந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்வதுதான் புதிர். இட்லிப் பானையையே பார்த்திராதவர்கள் விளையாடினார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதும் அதற்குக் கிடைத்தது. தெரியாத பொருளைக் கையில் எடுத்து, தட்டி, திருப்பிப் பார்த்துக் கற்றுக்கொள்ள விடுவது கேமால் முடிகிற காரியம். தெரியாதே என்று நீங்களே முன்கூட்டி அழித்துவிட்டால் கற்க எதுவும் மிச்சமிருக்காது.

இனி காலம். நீங்கள் இடத்துக்காகச் சண்டை போடுகிறீர்கள், எந்த வருஷம் என்று மட்டும் எழுதவில்லை. இந்த வருஷம் என்றால் அக்கா கையில் போன் இருக்கும், கதை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடலாம். 1985 என்றால், தொலைந்த பிள்ளையின் பெயரையும் சட்டை நிறத்தையும் மைக்கில் சொல்லச் சொல்வதுதான் வழி. அந்த மைக் எங்கே இருக்கிறது, அதுவரை கூட்டத்தை எப்படிக் கடப்பது, சொன்ன பிறகு எங்கே காத்து நிற்பது? மூன்றுமே விளையாட்டு. இன்னும் பின்னால் 1800-க்குப் போனால், வெளி வீதி இருக்கும் இடத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் நிற்கும். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-ஐ ஒட்டித்தான் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அப்போது ஊருக்கு வெளியே கால் வைக்கக் கோட்டை வாசலைத் தேட வேண்டும். வைகையும் அப்படித்தான். ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது 1889-ல், வைகை அணை 1959-ல். இப்போது சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கு அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். அக்கா ஆற்றை மணலில் நடந்து கடக்கிறாளா, தண்ணீரில் இறங்கியா, பாலத்தின் மேலா? வருஷத்தைச் சொல்லாமல் இந்த ஒரு காட்சியைக்கூட உங்களால் வரைய முடியாது. என்னைக் கேட்டால் 1985-ஐ ஒட்டி வையுங்கள். போன் இல்லை, பாலம் இருக்கிறது, அன்றைய ஊரைச் சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.

திருவிழாவும் உங்களுக்கு உதவக் காத்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் தேரோட்டமும், ஊருக்குள் வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையும் ஒரே நாள். காலையில் மாசி வீதிகளில் தேர், சாயங்காலத்துக்கு மேல் ஆற்றுக்கு வடக்கே தல்லாகுளம் பக்கம் அழகர், மறுநாள் விடியலில் வைகை. காலையில் தேர்க் கூட்டத்தில் தம்பி தொலைகிறான் என்றால், கூட்டம் ஆற்றைத் தாண்டி வடக்கே நகர நகர அக்காவும் நகர்ந்தாக வேண்டும். கதையை ஊரே கொடுத்துவிட்டது. இரவில் சர்க்கரை நிரப்பிய சொம்பின் மேல் சூடம் ஏற்றி நிற்பவர்களின் வெளிச்சத்தில்தான் அவளுக்கு முகங்கள் தெரியும். கருப்பசாமி வேஷம் கட்டித் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் பக்கத்தில் வந்தால், கையிலிருக்கும் தம்பியின் போட்டோ நனைந்துவிடும், அதைக் காப்பாற்ற வேண்டும். "ஏதோ ஒரு பழைய நகரத்தில்" இந்த யோசனை ஒன்றுகூட முளைக்காது.

ஒரு எச்சரிக்கை. கோபுரம், மல்லிகை, ஜிகர்தண்டா, பரோட்டா என்று நாலையும் வரைந்துவிட்டு மதுரை வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். சுற்றுலாக்காரருக்கும் அவை தெரியும். தேர் திரும்பும்போது எந்தக் கடை ஷட்டரை இறக்குகிறது, நீர்மோர்ப் பந்தலில் செருப்பை எங்கே விடுகிறார்கள், பூக்கார அம்மா நிழலுக்காகக் கூடையை எப்போது எதிர்ப்பக்கம் மாற்றுகிறார் என்பதெல்லாம் அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். அதை வரையுங்கள்.

பெயரை வைப்பதா மறைப்பதா என்றால், வையுங்கள் என்பேன். பெயரை மாற்றினால் ஒரு தெருவை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொள்ளும் சலுகை கிடைக்கும், உண்மைதான். அந்தச் சலுகை கையில் இருந்தால் சோம்பல் வரும், கொஞ்ச நாளில் எல்லாத் தெருவும் ஒரே தெருவாகிவிடும். நண்பர் கடைசிவரை ஒத்துக்கொள்ளாவிட்டால் திரையில் பெயர் போடாமல் விடுங்கள். வரைபடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த வேலை கணினியில் இல்லை. செல்டா கேம் வரிசையில் பிரெத் ஆஃப் தி வைல்டை இயக்கிய ஃபுஜிபயாஷி, தன் ஊரான கியோட்டோவின் வரைபடத்தை கேமின் நிலத்தின் மேல் வைத்துத்தான் தூரங்களைக் கணித்தார். தனக்குக் கால் பழகிய ஊர் அது. நீங்களும் நண்பரைக் கூட்டிக்கொண்டு சித்திரை வீதியிலிருந்து ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒவ்வொரு சுற்றாக நடந்து, சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோரிப்பாளையம் வழியாகத் தல்லாகுளம் வரை போங்கள். வழியெல்லாம் நண்பர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். அவர் கேட்பதைத்தான் பிரேசில்காரரும் கேட்பார்.

கடைப் பலகைகள் தமிழிலேயே இருக்கட்டும். கீழே மொழிபெயர்ப்பு போடாதீர்கள். அக்காவின் சட்டைப்பையில் தம்பியின் பெயர் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்து, அதே எழுத்துகளை ஊரில் தேடச் சொன்னால், தமிழ் தெரியாதவர்களும் அந்தப் பெயரைக் கண்ணாலேயே படிக்கப் பழகிவிடுவார்கள்.