வாசகர் கேள்வி பதில்: வீட்டிலேயே எடைப் பயிற்சி, வீதியிலேயே புரதம்

தாம்வே வாசகர், ரங்கூன்: ஐயா, என் எடை 60 கிலோ. கடை வேலை முடிந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் எடை தூக்குகிறேன். டப்பாவில் வரும் புரத மாவை வாங்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை. சிற்றுண்டியாக எதைச் சாப்பிட்டால் உடம்பு தேறும்?

எடை தூக்குகிறவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதன்படி உங்களுக்கு 96 கிராம் வேண்டும். இரண்டு வேளை சோறும், அதனோடு மீன் குழம்பும் பருப்பும் ஒழுங்காகச் சாப்பிட்டாலே 55, 60 கிராம் வந்துவிடும். மீதி 40 கிராமுக்குத்தான் நீங்கள் வழி தேட வேண்டும். அந்த வழியோ காலையில் உங்கள் தெருவிலேயே கூவிக்கொண்டு போகிறது.

'பே பியோ' என்று ராகம் இழுத்துக்கொண்டு வரும் அம்மாவின் கூடையில் இருப்பது, ஊறவைத்து, முளை எட்டிப் பார்க்கும்வரை வைத்திருந்து, விரலால் அழுத்தினால் மாவாக நசுங்கும் பதத்துக்கு அவித்த பட்டாணி. அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 8 கிராம் புரதம் உண்டு. 200 கிராம் வாங்கி, கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துச் சுண்டலாகப் பிரட்டிச் சாப்பிட்டால் 16 கிராம் ஆயிற்று. பிற்பகலில் கடையில் இருக்கும்போது 40 கிராம் வறுத்த வேர்க்கடலை சாப்பிட்டால் இன்னும் 10 கிராம். இரவு இரண்டு அவித்த முட்டை 12 கிராம். ஏறத்தாழ உங்கள் கணக்கு நிரம்பிவிட்டது. ஒரே வேளையில் திணிக்காமல் இப்படிப் பிரித்துச் சாப்பிடுவதே வயிற்றுக்கும் இதம்.

தோஃபு விஷயத்தில் நம்மவர் பலர் ஏமாந்துபோவதைப் பார்க்கிறேன். சோயா மொச்சைப் பாலைத் திரித்து அழுத்திச் செய்யும் வெள்ளை 'பே ப்யா' வேறு, கடலை மாவைக் கரைத்துக் கிண்டி ஆறவிடும் ஷான் இனத்தாரின் மஞ்சள் நிறத் 'தோஹூ' வேறு. முன்னதைக் கெட்டியாக வாங்கினால் 100 கிராமில் 10 கிராமுக்கு மேலேயே புரதம் இருக்கும். பின்னதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதில் பாதியளவுதான் தேறும். எண்ணெயில் பொரித்துவிட்டால் கொழுப்பும் கூடிவிடுகிறது. சுவைக்காகத் தோஹூவைச் சாப்பிடுங்கள், தசைக்காகப் பே ப்யாவைச் சாப்பிடுங்கள். தேநீர்க் கடைச் சமூசாவைப் புரதக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கெட்டிப் பால் ஊற்றிய தேநீரையும் 'பால்தானே' என்று எண்ண வேண்டாம். அந்தப் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை.

மோல்மேன் வாசகி: பங்குனி விரத நாட்களில் மீனும் முட்டையும் தொடுவதில்லை. அந்த நாட்களில் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்த வேண்டாம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக் கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் இன்னொரு கூறு அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்பதில்லை, ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும். சோறு, பருப்பு, சுண்டல், தயிர், பே ப்யா ஆகியவற்றோடு விரதமும் நடக்கும், பயிற்சியும் நடக்கும். ஒருவேளை மட்டுமே உண்ணும் நாட்களில் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டடவுங் வாசகர், ரங்கூன்: மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் ஆறாம் மாடியில் குடியிருக்கிறேன். இரும்பு எடைகளை வாங்கி மேலே ஏற்றவும் வழியில்லை, கீழ்வீட்டார் சத்தம் பொறுக்கவும் மாட்டார்கள். மின்சாரமும் அடிக்கடி போய்விடுகிறது. என்ன செய்வது?

ஆறு மாடி ஏறுகிறீர்கள் என்றால் உங்கள் கால்களுக்கான பயிற்சியில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது. கைக்கும் முதுகுக்கும் உரிய எடை உங்கள் சமையலறையில் இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் உலர்ந்த மணலைத் தட்டித் தட்டிக் கழுத்துவரை நிரப்பினால், அது ஏறக்குறைய 1.6 கிலோ வரும். அதாவது பர்மியக் கணக்கில் ஒரு வீசை. (சந்தையில் இன்றும் புழங்கும் இந்த அளவை ஆங்கிலேயர் 'விஸ்' என்று எழுதியதும் நம் தமிழ் வீசையிலிருந்து வந்ததுதான்.) நான் முதன்முதலில் செய்த இரண்டு போத்தல்களையும் காய்கறிக்காரரின் தராசில் வைத்துப் பார்த்தபோது ஒன்று மற்றதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது, அதிலிருந்த மணல் ஈரமாக இருந்ததால் நெருங்கிப் படியாததுதான் காரணம். ஆகவே மணலை வெயிலில் காயவைத்து, நிறுத்துப் பார்த்து, மூடியை இறுக்கிக் கட்டுங்கள். தோளுக்கும் பக்கவாட்டுத் தூக்கலுக்கும் இவை போதும்.

கனமான வேலைக்கு, வீட்டுக்கு வரும் 20 லிட்டர் குடிநீர்ப் போத்தல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் எடையைக் கூட்டுவது மிக எளிது. 8 லிட்டரில் தொடங்கி, உட்கார்ந்து எழும் பஸ்கியும், குனிந்து வயிற்றை நோக்கி இழுக்கும் பயிற்சியும் செய்யுங்கள். ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று, சுற்றுகளுக்கு இடையே இரண்டு நிமிட ஓய்வு. மூன்று சுற்றிலும் 12 தடவையை முதுகு வளையாமல் முடித்த பிறகுதான் அடுத்த லிட்டரை ஊற்ற வேண்டும். அரைகுறையாக நிரம்பிய போத்தலில் தண்ணீர் ஆடி உடலை இழுக்கும் என்பதால் அதைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம். நெஞ்சுக்குத் தண்டாலைவிடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரிந்து வீட்டில் இல்லை.

அரிசி மூட்டையைத் தூக்கலாமா என்று கேட்கத் தோன்றும். முழு மூட்டை பர்மிய அரிசி அளவையில் 24 பியீ, ஏறத்தாழ 49 கிலோ. இளவயதில் நான் அதை முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து தூக்கப்போய், மூன்று வாரம் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாமல் கிடந்தேன். பாதி மூட்டையை வேறொரு சாக்கில் கட்டி, உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

சத்தத்துக்கு ஒரு நல்ல தீர்வு உண்டு. எடையை இறக்கும்போது மனத்துக்குள் மூன்றுவரை எண்ணுங்கள். மெதுவாக இறக்குவதால் தசை கூடுதல் நேரம் உழைக்கிறது, தரையும் அதிர்வதில்லை. அடியில் தென்னைநார் மிதியடியை இரண்டாக மடித்துப் போடுங்கள். பால்கனிக் கம்பியில் மட்டும் தொங்காதீர்கள். நம் மழையில் அது உள்ளுக்குள் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பது வெளியே தெரியாது.

மின்விசிறி நின்றுபோன அறையில் சித்திரை வெயிலில் எடை தூக்குவது ஆபத்து. விடியற்காலையில் முடித்துவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

பெகு வாசகி: என் மகன் தினமும் காலையில் நான்கு பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கிறான். அப்போதுதான் சத்து முழுதாகச் சேரும் என்கிறான். சரியா அண்ணா?

சரியில்லை, தங்கையே. வேகவைத்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடலில் சேர்கிறது. பச்சை முட்டையில் பாதிதான் சேர்கிறது. சால்மொனெல்லா என்னும் கிருமி வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் அபாயமும் உண்டு. நான்குக்குப் பதில் மூன்றை அவித்துக் கொடுங்கள், அவன் இப்போது பெறுவதைவிட அதிகமாகவே பெறுவான். ஆனால் சிறுநீரகக் கோளாறு அவனுக்கு இருந்தால், புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.