திருக்கை யாரையும் பழிவாங்கவில்லை

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ‘முதலை வேட்டைக்காரர்’ ஸ்டீவ் இர்வின் 2006-இல் இறந்தபோது நாடே அழுததாம். முதலை வாலையும் பாம்பு வாலையும் பிடித்து இழுத்துப் புகழ் சேர்த்தவரைக் கடைசியில் ஒரு மீன் பழிவாங்கிவிட்டது, அவ்வளவுதானே? டிவி ஊதிப் பெருக்கிய துக்கம்தானே இது? அந்தக் கடைசி வீடியோவை ஏன் மறைத்தார்கள்?

பதில்: பழிவாங்கல் கதையை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் சொல்வதல்ல இது. இர்வின் இறந்த சூட்டோடு சூடாக ஆஸ்திரேலியப் பெண்ணிய எழுத்தாளர் ஜெர்மெய்ன் கிரியர் ஒரு பிரிட்டிஷ் நாளிதழில் இதையேதான் எழுதினார், விலங்குலகம் பழி தீர்த்துக்கொண்டது என்று. ஆஸ்திரேலியா கொதித்துப்போனது. கிரியர் பெரிய சிந்தனையாளர்தான். ஆனால் இர்வினைக் குத்திய அந்த மீனுக்கு, திருக்கைக்கு, பழி தெரியாது, பயம்தான் தெரியும்.

அன்று செப்டம்பர் 4. குவீன்ஸ்லாந்தின் போர்ட் டக்ளஸுக்கு அப்பால் பேட் ரீஃப் என்ற பவளத்திட்டு. கடலின் கொடிய உயிர்களைப் பற்றிய படத்துக்காகப் போயிருந்த குழுவின் வேலை, வானிலை கெட்டு நின்றுபோனது. அந்த நேரத்தை வீணாக்காமல் மகள் பிண்டியின் நிகழ்ச்சிக்குச் சில காட்சிகள் எடுக்கலாம் என்று இர்வின் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினார். அவர் பின்னாலிருந்து நீந்தி வர வேண்டும், திருக்கை விலகிப் போவதைக் கேமரா முன்னாலிருந்து பிடிக்க வேண்டும். இதுதான் திட்டம். வாலை யாரும் இழுக்கவில்லை.

தரையை ஒட்டிக் கிடக்கும் திருக்கைக்கு, மேலே வரும் பெரிய உருவம் என்றாலே சுறா. திருக்கையைத் தின்பது சுறாதான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கீழே தரை என்று வழி அடைபட்டால் அது வாலை மேலே தூக்கி முன்பக்கமாகச் சுழற்றிக் குத்தும். முள் இருப்பது வால் நுனியில் அல்ல, வாலின் மேற்புறத்தில். இரண்டு விளிம்பிலும் ரம்பப் பற்கள், எல்லாம் பின்னோக்கிச் சாய்ந்தவை. அதனால் முள் உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளின் அடிப்புறப் பள்ளங்களில் விஷத்திசு, அதன்மேல் மெல்லிய தோலுறை. குத்தியதும் உறை கிழிந்து விஷம் புண்ணில் கலக்கும். இர்வினைக் கொன்றது பெரும்பாலும் இந்த விஷம் அல்ல. முள் மார்பைத் துளைத்து இதயத்தில் பாய்ந்தது. கத்திக்குத்து எப்படிக் கொல்லுமோ அப்படி.

திருக்கை குத்தி உயிர் போவது மிக அரிது. வழக்கமாக நடப்பது, மணலில் புதைந்து கிடப்பதை மிதித்துவிட்டுக் காலில் குத்து வாங்குவது. அப்போது காலை வெந்நீரில் வையுங்கள், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ், 30 முதல் 90 நிமிடம் வரை. அந்த விஷம் புரதம் என்பதால் சூட்டில் சிதையும், வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத காலால் சோதித்துப் பாருங்கள், அடிபட்ட காலுக்கு வலியில் சூடு தெரியாமல் வெந்துபோகும். வலி குறைந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். முள்துண்டு உள்ளே தங்கினால் சீழ் வைக்கும். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது. அதுதான் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும். அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மணல் கடலில் இறங்குபவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், அதிர்வு தெரிந்து திருக்கை தானே விலகிவிடும்.

இனி துக்கத்துக்கு வருகிறேன். டிவி ஊதியது உண்மை, ஆனால் ஒன்றுமில்லாததை ஊதவில்லை. 1996 முதல் அந்தக் காக்கிச் சட்டைக்காரர் வாராவாரம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்துத்தான் பாம்பை அடிக்கக் கூடாது என்று கற்றார்கள். அவருக்கு வயது 44. மகளுக்கு எட்டு, மகனுக்கு மூன்றுகூட நிரம்பவில்லை. குவீன்ஸ்லாந்தின் பீர்வா ஊரில் அவர் குடும்பத்தார் நிர்வகிக்கும் ஆஸ்திரேலியா ஜூவின் வாசலில் பூக்கள் குவிந்தன; ஜனங்கள் காக்கிச் சட்டைகளைக் கொண்டுவந்து, அவற்றின்மேலேயே பேனாவால் பெயரும் இரண்டு வரியும் எழுதிவிட்டுப் போனார்கள். யாரும் ஏற்பாடு செய்து நடந்ததல்ல அது.

குடும்பம் நடந்துகொண்ட விதத்தையும் பாருங்கள். மாநில அரசு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்த முன்வந்தது. அப்பா பாப் இர்வின் வேண்டாம் என்றார், தன் மகன் சாதாரண மனுஷனாகவே நினைக்கப்பட விரும்புவான் என்று. 9-ஆம் தேதி குடும்பத்தோடு அடக்கம் முடிந்தது. 20-ஆம் தேதி ஜூவின் முதலை அரங்கில் 5,000 பேருக்கு மேல் கூடிய நினைவுக் கூட்டம் நடந்தது. பிரதமர் ஜான் ஹோவர்ட் பேசினார். எட்டு வயதுப் பிண்டியும் மேடையேறி, கையில் தாளோடு, குரல் உடையாமல் வாசித்தாள். அரங்கம் எழுந்து நின்றது. நேரலையைப் பார்த்தவர்கள் அழுததைப் போலித் துக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போலியாகப் போன துக்கமும் உண்டு. அடுத்த சில நாட்களில் குவீன்ஸ்லாந்துக் கரைகளில் பத்துத் திருக்கைகளாவது செத்துக் கிடந்தன, சிலவற்றுக்கு வால் அறுக்கப்பட்டிருந்தது. இர்வினுக்காகப் பழிதீர்த்த ரசிகர்களின் வேலையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அவர் தொடங்கிய வைல்ட்லைஃப் வாரியர்ஸ் அமைப்பே முன்வந்து கண்டித்தது. முள் உடைந்தால் மறுபடி முளைக்கும், அறுந்த வால் முளைக்காது. ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகள் மட்டுமே போடும் இனம் அது. மீன் மனிதனைப் பழிவாங்கியது என்பவரும், மனிதனுக்காக மீனைப் பழிவாங்குபவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இர்வின் வாழ்நாள் முழுக்கப் போராடியது இந்த எண்ணத்தோடுதான்.

வீடியோவை யாரும் ‘மறைக்க’வில்லை. சாவு விசாரணைக்கான சான்றாகப் போலீஸ் எடுத்துக்கொண்டது. விசாரணை முடிந்ததும் பிரதிகள் அழிக்கப்பட்டன, மூலப்பதிவு மனைவி டெர்ரியிடம் போனது. ஒரு மனிதன் சாகும் நிமிடத்தைப் பார்க்க உங்களுக்கும் எனக்கும் என்ன உரிமை? முள் எப்படிக் குத்தும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மேலே எழுதியது போதும்.

விமர்சனமே கூடாது என்கிறேனா? இல்லை. விலங்கை இவ்வளவு நெருங்கிக் காட்டலாமா என்பது நியாயமான கேள்வி. 2004 ஜனவரியில் கைக்குழந்தையை ஒரு கையில் ஏந்தியபடி முதலைக்கு இரை கொடுத்தாரே, அதை நானும் நியாயப்படுத்த மாட்டேன். பார்க்கும் பிள்ளைகள் ‘நெருங்கலாம்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதே ஆண்டில்தான் பீர்வாவில் காட்டு விலங்கு மருத்துவமனையும் திறந்தது. வண்டியில் அடிபட்ட கோலாக்களுக்கு அங்கே இன்றும் வைத்தியம் நடக்கிறது. கணக்குப் பார்ப்பவர் இரண்டையும் எழுத வேண்டும்.

டிவி ஊதிய துக்கம் என்றீர்கள். அதில் மிஞ்சியதைச் சொல்கிறேன். 2007-இல் மத்திய அரசின் பணத்தில் குவீன்ஸ்லாந்தின் வடகோடியான கேப் யார்க்கில் 1,35,000 ஹெக்டேர் நிலம் அவர் பெயரில் காப்பகமானது. பிறகு அங்கே பாக்சைட் என்ற அலுமினியத் தாது தோண்ட ஒரு கம்பெனி வந்தது. டெர்ரி பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார். 2013-இல் மாநில அரசு அந்த நிலத்தில் சுரங்கத்துக்குத் தடை போட்டது.