வாழைக்குக் கழுத்தை நீட்டச் சொல்கிறார்கள் என்று எழுதிய தங்கச்சிக்கு

சாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய், அது குற்றம் என்று சொல்லி வந்த சம்பந்தமெல்லாம் குழம்பிப்போக, வாழையோடு கலியாணம் செய்து குற்றத்தைக் கழிக்கச் சொல்கிறார் சாத்திரியார், அம்மாவும் அழுகிறா, ஒத்துக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கோ. லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் குற்றமாம். 12 வீட்டில் 5 வீடு, அப்படியென்றால் பிறக்கிற பத்துப் பேரில் நாலு பேர் மட்டில் செவ்வாய்க்காரர்தான், ஆம்பிளைப் பிள்ளைகளும் சேர்த்து! மேஷம், விருச்சிகம், மகரத்தில் நின்றால் குற்றமில்லை என்று அதே சாத்திரம் விலக்கும் சொல்கிறது. உங்கள் சாதகக் குறிப்பு வாக்கிய பஞ்சாங்கப்படி கணித்ததா திருக்கணித பஞ்சாங்கப்படி கணித்ததா என்றும் கேளுங்கோ, ரெண்டுக்கும் இடையில் கிரகம் வீடு மாறுவதுண்டு. சாத்திரத்தை நம்புகிற அம்மாவோடு சாத்திரத்துக்குள்ளேயே நின்று கதைப்பது லேசு.

செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டால் போங்கோ, அது வேறு விசயம், கும்பிட்டு வந்தால் மனதுக்கும் ஆறுதல். கலியாணம் சரிவர வேண்டுமென்று பெண்கள் நேர்ந்துகொள்கிற அந்தக் கோயிலை வருசக்கணக்காக நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி கலியாணமே செய்யாதவர், பெண் பிள்ளைகளுக்கு இல்லம் வைத்து வளர்த்தவர், 2008இல் காலமானார். அம்மாவுக்கு அவரைக் கட்டாயம் தெரிந்திருக்கும், ஒருக்கால் ஞாபகப்படுத்திப் பாருங்கோ.

அப்புறம் ஒன்று, சடங்குக்குச் சாத்திரியார் எவ்வளவு காசு கேட்கிறார்? அதை நீங்கள் எழுதவில்லையே.