பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டுமா? கூட்டம் எத்தனை மணிக்கு என்பதில் இருந்து பாருங்கள்

கேள்வி: அரசு ஆள் நியமிக்கும் சபைகளிலும் (போர்டுகளிலும்) தலைமைப் பதவிகளிலும் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கத்தான் வேண்டுமா? திறமை உள்ளவர்கள் தாங்களாகவே வர மாட்டார்களா?

ஒதுக்கத்தான் வேண்டும். நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தார். அவருடைய கையெழுத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டத்தில் வரிசை அறைகளான லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் அளவுள்ள சிறு காணித் துண்டில் தனி வீடு கட்டும் திட்டம் வந்தபோது ஒரு கமிட்டி போட்டார்கள். பெண்களும் இருக்க வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் சொன்னது. அம்மாவோடு மூன்று பெண்களின் பெயரை எழுதிக்கொண்டார்கள். கூட்டம் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் அம்மா மலையில் நிரையில் நிற்பார். இறங்கி வந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அதனால் கூட்டம் முடிந்த பிறகு கூட்டப் புத்தகம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலால் பேனாவைப் பிடித்து அம்மா கையெழுத்துப் போடுவார். தாளின் ஓரத்தில் அந்தக் கறை ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்ன முடிவு எடுத்தீர்கள் என்று கேட்டால், "எல்லாம் நல்லதுக்குத்தான் அக்கா, போடுங்க" என்பார்களாம்.

வீடுகள் எழும்பின. தண்ணீர்க் குழாய் ரோட்டோரத்தில், மேல் வீட்டில் இருந்து எண்பது படி கீழே வந்தது. தினமும் குடம் தூக்குகிற ஒருத்தி அந்த மேசையில் இருந்திருந்தால் அது அங்கே வந்திருக்காது. இதற்கு என்ன பெரிய திறமை வேண்டும்? எந்த நேரம் எந்தப் படி வழுக்கும் என்று தெரிந்திருப்பதும் திறமைதான்.

"தாங்களாகவே வரட்டும்" என்று நாங்கள் காத்திருந்த கணக்கையும் பாருங்கள். இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1931இல். உலகத்தின் முதல் பெண் பிரதமர் 1960இல் இங்கேதான் வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில், அதாவது மலையகத் தமிழர்களில், பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமையே கிடையாது. 1948 சட்டம் அதைப் பறித்திருந்தது. மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது 2024 தேர்தலில்தான்: நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல். அன்று இரவு எங்கள் லயத்தில் பட்டாசு வெடித்தது, அம்மா அழுதார்.

பிரதேச சபைகளில் நிலைமை வேகமாக மாறியதற்குக் காரணம் சட்டம். முன்பு உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். 2016இல் 25 சதவீதம் என்று சட்டம் வந்தது, 2018 தேர்தலோடு எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அதே கட்சிகள்தான், அதே ஊர்கள்தான். "பெண் வேட்பாளர் கிடைப்பதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குத் தேடியதும் கிடைத்தார்கள். சட்டத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. குறைந்த வாக்கும் ஓரிரு ஆசனமும் பெற்ற சிறு கட்சிக்கு விலக்கு உண்டு, அதனால் சில சபைகளில் 25 நிறையவில்லை.

அரச சபைகளுக்கு வருவோம். சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை, தேயிலைச் சபை போன்றவற்றுக்குத் தேர்தல் கிடையாது, நியமனம்தான். ஆக, ஒரு அமைச்சர் மனது வைத்தால் அடுத்த நியமனத்திலேயே மாற்றலாம். ஆனால் சம்பளச் சபையில் தொழிலாளர் பக்கத்து இடங்களுக்கு ஆள் வருவது தொழிற்சங்கத்தில் இருந்து. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், சந்தாவும் அவர்கள் சம்பளத்தில் இருந்து பிடிபடுகிறது. தோட்டத்தில் சங்கத்தின் தலைவர் மட்டும் அநேகமாக எப்போதும் ஆண். பெண்ணுக்கு மாதர் தலைவிப் பதவி. அங்கே மேலே போக முடியாதவள் கொழும்பில் சபை மேசைக்கு எப்படிப் போவாள்? அதனால் என் கோரிக்கை இரண்டு. அரச சபை நியமனங்களிலும் குறைந்தது 25 சதவீதம் சட்டமாக வேண்டும். சங்கங்கள் தலைவர் பதவியையே பெண்களுக்கு விட வேண்டும். மாதர் பிரிவு என்று தனியாக ஒன்றை ஒதுக்கிக் கொடுப்பது போதாது.

எங்கள் தோட்டத்தில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கமிட்டிக்கு மேல்லயத்து அக்கா ஒருவர் பொருளாளராக வந்தார். முதல் வேலையாகக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாற்றினார், அதுவும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில். பிள்ளைகள் ஒரு மூலையில் விளையாட, தாய்மார் உட்கார்ந்து பேசலாம். நான்காவது கூட்டத்தில் குழாயை மேலே கொண்டுபோக முடிவானது. அந்த முடிவுக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. பேசிவிட்டுப் போட்ட கையெழுத்து.