ஃபாக் லைட் (பனி விளக்கு), டிஆர்எல் (பகலில் எரியும் முன்விளக்கு) மாற்றம்: கேள்வி பதில்

கேள்வி: கம்பெனி ஃபாக் லைட் மங்கலாக இருக்கிறது சார். எச்16 பல்பைக் கழற்றிவிட்டு எச்11 போடலாமா? சாக்கெட் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பதில்: வேண்டாம். எச்8, எச்11, எச்16 மூன்றும் ஒரே குடும்பம்தான். ஆனால் எச்16 வெறும் 19 வாட், எச்8 35 வாட், எச்11 55 வாட். மாறிப் போட்டுவிடக் கூடாதென்றே அடிப்பாகத்தின் காதுகளை வெவ்வேறு அளவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் காதைப் பிளேடால் செதுக்கி நுழைப்பவர்கள் உண்டு. 19 வாட் சூட்டுக்குச் செய்த கூட்டில் 55 வாட் எரிந்தால் முதலில் ரிஃப்ளெக்டர் பூச்சு கருக்கும், பிறகு பிளாஸ்டிக் இளகும்.

பல்பைக் குறை சொல்லும் முன் மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) எடுங்கள். லைட் எரியும்போது பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை, பல்ப் பிளஸ்ஸில் ஒரு முனை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை வயரிலோ கனெக்டரிலோ இருக்கிறது. எர்த் பக்கத்தையும் இதேபோல் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். ஹாலஜனுக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

கேள்வி: என் வண்டி பேஸ் மாடல். பம்பரில் இடம் இருக்கிறது, வயரிங் இல்லை. முதலிலிருந்து எப்படி இழுப்பது?

பதில்: 55 வாட் பல்ப் இரண்டு என்றால் 110 வாட், சுமார் 9 ஆம்பியர். இதை நேராக டாஷ்போர்டு சுவிட்ச் வழியே விட்டால் சுவிட்ச் கருகும். ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) கட்டாயம். அதன் முனைகளில் எண் போட்டிருக்கும்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 எண் முனைக்கு. 87லிருந்து இரண்டு விளக்குக்கும். 85 பாடி எர்த்துக்கு. பார்க்கிங் லைட் பிளஸ்ஸிலிருந்து சுவிட்ச் வழியாக 86க்கு. நடுவில் 87ஏ இருந்தால் காலியாக விடுங்கள், ஆனால் டேப் சுற்றுங்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது அந்த முனையில் பேட்டரி கரண்ட் நிற்கும். சுவிட்சுக்குப் பார்க்கிங் லைட்டிலிருந்து எடுப்பது ஏனென்றால், வண்டியைப் பூட்டிவிட்டுப் போனபின் ஃபாக் லைட் மட்டும் எரிந்து பேட்டரி இறங்காது.

ரிலே வரைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், அங்கிருந்து விளக்கு ஒவ்வொன்றுக்கும் 1.5. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பலர் அதை விளக்குப் பக்கம் வைக்கிறார்கள். நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் அந்த ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது, வயர்தான் பற்றிக்கொள்ளும்.

ரிலேயில் உள்ளே டயோடு இருந்தால் 86 பிளஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஷார்ட். சில புதிய வண்டிகளில் பார்க்கிங் லைட்டுக்குக் கரண்ட் விட்டுவிட்டு வரும். அதில் ரிலே காயிலை இணைத்தால் கிர்ரென்று அதிரும். அந்த வண்டிகளில் இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸ் ஒன்றில் ஃபியூஸ் டேப் (fuse tap, கிளை வயர் எடுக்கும் துண்டு) போட்டு எடுங்கள்.

இணைப்புகளுக்கு, வயரைக் கவ்வி இணைக்கும் நீல நிற கிளிப்பைத் தொடாதீர்கள். அது வயரின் இழைகளை வெட்டும், தண்ணீரையும் உள்ளே விடும். கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கி), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். பற்றவைத்தால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டி உலோகம் தெரிய வேண்டும். இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி: ஹாலஜன் ஃபாக் லைட்டில் எல்ஈடி பல்ப் போட்டேன். வெளிச்சம் அதிகம்தான், ஆனால் எதிரில் வருபவர்கள் டிம் அடிக்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது சரி. ரிஃப்ளெக்டர் வரையப்பட்டது மெல்லிய இழை ஒன்றின் இடத்தைக் கணக்கிட்டு. எல்ஈடி சிப்புகள் அந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலே கட்-ஆஃப் கோடு (ஒளியின் மேல் எல்லை) கலைந்து வெளிச்சம் மேலே ஏறும். பல்பைச் சுழற்ற முடிந்தால், இரண்டு சிப்பும் இடமும் வலமும் பார்க்கும்படி, கடிகாரத்தில் 3, 9 இருக்கும் திசையில் வையுங்கள். மேலும் கீழுமாக இருந்தால் நிச்சயம் கூசும். அதற்குப் பிறகும் கோடு தெளியவில்லை என்றால் பல்பை எடுத்துவிட்டு, எல்ஈடிக்கென்றே செய்த முழு புரொஜெக்டர் யூனிட் போடுங்கள். பல்ப் மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்று, ஹாலஜன் தன் சூட்டிலேயே கண்ணாடியின் ஈரத்தை உலர்த்தும். எல்ஈடியின் சூடு பின்பக்கம் போகிறது. உள்ளே படிந்த ஈரம் அப்படியே நிற்கும்.

கேள்வி: மஞ்சள் ஃபிலிம் ஒட்டினால் பனியைக் கிழித்துக்கொண்டு போகுமா?

பதில்: போகாது. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். நீலம் குறைவதால் உங்கள் கண்ணுக்குக் கூச்சம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். பனியில் உதவுவது தாழ்ந்த இடமும் தட்டையான ஒளியும்தான்.

கேள்வி: டிஆர்எல் கிட் மாட்டினேன். ஓடும்போது தானாக அணைந்து எரிகிறது. இரவிலும் மங்குவதில்லை.

பதில்: உங்கள் கிட் வோல்டேஜைப் பார்த்து இன்ஜின் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் வகை. 13 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் எரியும், இறங்கினால் அணையும். இன்றைய ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) தேவைப்படாதபோது சார்ஜைக் குறைத்துவிடும், கிட் இன்ஜின் நின்றது என்று நினைத்துக்கொள்ளும். இக்னிஷன் ஃபியூஸிலிருந்து கரண்ட் எடுக்கும் கன்ட்ரோலராக மாற்றுங்கள்.

மங்காததற்கு மூன்றாவது வயரைப் பாருங்கள். சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ் போக ஒரு மெல்லிய வயர் இருக்கும். அது பார்க்கிங் லைட் பிளஸ்ஸில் சேர வேண்டும். ஐ.நா. விதி 87 கேட்பது நேர் எதிரே குறைந்தது 400 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு), அதிகபட்சம் 1200. பகலுக்கான இந்த அளவு இரவில் எதிரில் வருபவர் கண்ணைக் குத்தும்.

டிஆர்எல் எரியும்போது பின்பக்க விளக்கு பெரும்பாலான வண்டிகளில் எரியாது. அந்தி வேளையில் முன்னால் வெளிச்சம் தெரிவதால் ஹெட்லைட் போட மறந்து, பின்னால் இருட்டாகவே ஓட்டுகிறார்கள். ஆட்டோ ஹெட்லைட் இல்லாத வண்டிக்கு இதை யோசித்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: ஃபாக் லைட்டையே டிஆர்எல்லாக எரிய விடலாமா?

பதில்: பயனில்லை. அதன் ஒளி கீழ் நோக்கியது, பகலில் எதிரில் வருபவர் கண் மட்டத்துக்கு வராது.

கேள்வி: ஹெட்லைட்டைத் திறந்து டிஆர்எல் வைத்தபின் உள்ளே ஈரம் கோர்க்கிறது.

பதில்: எதை வைத்து மூடினீர்கள்? காடி வாசனை வரும் சிலிக்கான் என்றால் அதன் ஆவி ரிஃப்ளெக்டரின் பூச்சையே அரிக்கும். பழைய சீலண்டை முழுதாகச் சுரண்டி, பியூட்டைல் கயிறை (ஒட்டும் ரப்பர் சீலண்ட்) ஓரப் பள்ளம் முழுக்க அறுபடாமல் சுற்றுங்கள். பின்பக்கக் காற்றுக்குழாய்களை அடைக்காதீர்கள். ஈரம் வெளியேற அதுதான் வழி. டிஆர்எல் வயர் வெளியே வரும் துளைக்கு ரப்பர் குரோமெட் போட்டீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: புதிய ஃபாக் லைட்டை எவ்வளவு தாழ்த்தி வைப்பது?

பதில்: சமதரை, சரியான டயர் காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஆள். சுவரிலிருந்து 10 மீட்டரில் நிறுத்தி, விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் டேப்பால் குறியுங்கள். ஒளியின் மேல்கோடு அந்தக் குறிக்கு 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைத் திருகுங்கள். இரண்டும் சேர்ந்து எரிந்தால் எது எந்தக் கோடு என்று தெரியாது.

கேள்வி: எல்ஈடியை அணைத்த பிறகும் லேசாக மினுங்குகிறது.

பதில்: பல்ப் போயிற்றா என்று பார்க்க வண்டி அனுப்பும் சிறு துடிப்புதான் அது. 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைப் பல்புக்கு இணையாகப் போட்டால் நிற்கும். லைட் எரியும்போது அது சுமார் 30 வாட் சூட்டைக் கக்கும், எனவே வயரோடு டேப் சுற்றாமல் உலோகத்தில் திருகி வையுங்கள்.