தட்டில் ஒரு பெயர்ச்சீட்டு

கேள்வி: நம் மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளையும் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையையும் கலைப்படங்களாக எடுத்து, நண்பர்கள் சேர்ந்து பெங்களூரில் ஒரு கண்காட்சி வைக்க நினைக்கிறோம். அழிவை அழகாகக் காட்டுவது பாவம் என்கிறார் ஒருவர். உங்கள் கருத்து?
— ஒரு வாசகி, பர்கூர்

பதில்: கண்காட்சி! கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "கண்காட்சிக்குப் போகணும்" என்று சொல்லுங்கள். மறுபேச்சில்லாமல் மாங்கனிக் கண்காட்சியில் கொண்டுபோய் விடுவார். சீசன் இல்லையென்றால் "அது முடிஞ்சிடுச்சேம்மா" என்பார். அங்கே பெங்களூரா, செந்தூரா, மல்கோவா, அல்போன்சா என்று தட்டுக்குத் தட்டு ஒரு சீட்டு இருக்கும். வெறும் 'மாம்பழம்' என்று எழுதி வைத்தால் விளைவித்தவர் சண்டைக்கு வந்துவிடுவார். புகைப்படக் கண்காட்சியில் மட்டும் 'தலைப்பில்லாதது – 7' என்று ஒட்டிவிட்டுப் போகிறார்கள். எந்தக் கரடு, எந்த ஊர், எந்தத் தேதி? இந்தப் பக்கத்தில் இதைப் பற்றி எத்தனை முறை சண்டை போட்டாலும் எனக்கு அலுக்காது.

ஏனென்றால் பெயரைத் துடைப்பதில்தான் அழிவே தொடங்குகிறது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வெட்டும் ஊதா அலையோடிய கல்லுக்குச் சந்தையில் 'பாரடைசோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் சொர்க்கம். வெட்டிய கற்பாளம் லாரியில் ஏறும்போதே மலையின் பெயர் கீழே விழுந்துவிடுகிறது. படம் எடுக்கிறவரும் அதே வேலையைச் செய்யக் கூடாது.

அழகு பாவமில்லை. 1983இல் ஆஸ்திரேலியத் தேர்தலுக்கு முன் டாஸ்மேனியாவின் ஃப்ராங்க்ளின் ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்தவர்கள், பீட்டர் டொம்ப்ராவ்ஸ்கிஸ் எடுத்த ஒரு படத்தைப் பத்திரிகையில் முழுப்பக்க வண்ண விளம்பரமாகப் போட்டார்கள். பனி மூடிய ஆற்று வளைவு, பாறைத் தீவு. இதை அழிக்கும் கட்சிக்கா உங்கள் ஓட்டு என்று ஒரு கேள்வி. மார்ச்சில் ஆட்சி மாறியது. ஜூலையில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில் தீர்ப்பளிக்க, அணை கட்டும் வேலை நின்றுபோனது. படம் மட்டுமே தடுத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டைக் கவனியுங்கள்: அதில் அழிவே இல்லை, அழியப்போவதுதான் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்தது ஓட்டுப் போடுகிறவரின் காலை மேசைக்கு. ஆகவே, வெட்டிய மலையோடு இன்னும் வெட்டாத பக்கத்து மலையையும் எடுங்கள்.

இனி நுரை. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வரும் கழிவுநீர் தென்பெண்ணையில் கலக்கிறது. அணையின் ஷட்டர் வழியே தண்ணீர் விழும்போது, அதிலுள்ள சோப்புப் பொருள் காற்றோடு கடையப்பட்டு நுரையாகிறது. ஒகேனக்கல் அருவியைப் பாலாக்குகிறவர்களின் வழக்கமான வித்தை, காமிராவின் ஷட்டர் வேகத்தை அரை வினாடிக்கு இறக்குவது. கெலவரப்பள்ளியில் அதைச் செய்தால் நுரை பனிமூட்டமாகிவிடும், படம் பொய் சொல்லும். 1/500 வினாடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். அப்போதுதான் நுரைக்கட்டியின் பிய்ந்த ஓரமும் அதில் ஓடும் பழுப்புக் கோடும் தெரியும். காமிராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச்சாம்பல் என்று நினைத்து அளப்பதால் வெள்ளை நுரை அழுக்குச் சாம்பலாக விழும். ஒளியை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). காமிரா காட்டும் ஒளி வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டினால் உடனே குறையுங்கள். வெளுத்துப்போன நுரையில் எந்த விவரமும் மீளாது. சட்டகத்துக்குள் அணையின் ஷட்டரோ பாலத்தின் கைப்பிடியோ ஒன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் நுரை இரண்டடியா இருபதடியா என்று யாருக்குத் தெரியும்? காற்றில் பறந்து வரும் நுரை லென்ஸில் ஒட்டிக் காய்ந்தால் கறை நிற்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், அரிக்கும்.

குவாரிக்கு நடுப்பகல் வெயில் ஆகாது. காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் பக்கவாட்டு வெயில் விழும்போதுதான், ஜாக்ஹேமர் துளைத்த அரைவட்டக் குழிகள் கோடு போட்ட நோட்டைப் போலச் சுவரில் வரிவரியாகத் தெரியும். கம்பி ரம்பமான வயர் சா அறுத்த சுவர் வழவழவென்று இருக்கும், அதற்கு வெயிலே தேவையில்லை. விளிம்பில் ஏறாதீர்கள், மேல்மண் சரியும். எதிர்ப்பக்கச் சாலையில் நின்று 200 மி.மீ. லென்ஸில் எடுங்கள். கைவிட்ட குழிகளில் தேங்கிய பச்சைத் தண்ணீர் மிக அழகு. அதன் சுவர் செங்குத்து, கால் வைக்கப் படி கிடையாது, குளிக்க இறங்கிய பிள்ளைகள் ஏற முடியாமல் போகிறார்கள். தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள், படியில்லாத அந்தச் சுவர் முழுதும் படத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட வலுவானது, ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் எடுப்பது. போன் காட்டும் இருப்பிடம் சில மீட்டர் தவறும். அதற்குப் பழைய நில அளவைக்காரர் வழிதான்: அருகிலுள்ள பாறையின் முனையும் தூரத்துக் கோபுரக் கலசமும் ஒரே கோட்டில் வரும்படி நில்லுங்கள், வேறொரு திசையில் மின்கம்பமும் மலை இடுக்கும் ஒரே கோட்டில் வரட்டும். இரண்டு கோடும் சந்திப்பதே உங்கள் இடம். அதே லென்ஸ், அதே உயரம், அதே மாதம். டிசம்பர்ப் படத்தையும் ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் வைத்தால் "கோடையில காயாம என்ன செய்யும்" என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். காமிராக் கடிகாரத்தைச் சரிபார்த்து, காமிரா பதிந்த மூலப் பதிவான 'ரா' கோப்பை அழிக்காமல் வையுங்கள். கேள்வி எழும்போது அதுதான் சாட்சி.

கடைசியாக என் தீராத பகை, ஃபிளெக்ஸ். சுற்றுச்சூழல் படத்தை பி.வி.சி. பிளாஸ்டிக்கில் அச்சடித்து மாட்டி, மறுவாரம் மாட்டுக்கொட்டகைக் கூரைக்குக் கொடுப்பதை எப்படிப் பொறுப்பது? பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையில் போடுங்கள். 24 மெகாபிக்சல் படம் 6000×4000 புள்ளி; அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20×13 அங்குலம், 150 வீதம் 40×27 அங்குலம். அதற்கு மேல் இழுத்தால் துளைக்கோடுகள் குழம்பும். கண்ணாடிச் சட்டம் வேண்டாம், டியூப்லைட்டே முகம் காட்டும்.

பெங்களூரில் வையுங்கள், அந்த ஏரிகளின் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்களும் பார்க்கட்டும். அதற்கு முன் மாங்கனிக் கண்காட்சியில் ஒரு ஸ்டால் கேளுங்கள்; அந்தக் கரடுகளின் அடிவாரத்து ஜனங்கள் வருவது அங்கேதான். ஒவ்வொரு படத்தின் கீழும் மலையின் பெயர், ஊர், நின்று பார்த்த திசை, தேதி, மணி. பெயர் தெரியாவிட்டால் அங்கே ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்வார். சொன்னபடியே தமிழில் எழுதுங்கள். படத்தின் பின்பக்கமும் அதையே பென்சிலால் குறியுங்கள். பேனா மை ஊறி முன்னால் வந்துவிடும்.