வேலையிடத்தில் கோச்சிங் எடுத்தால் உண்மையில் ஏதும் மாறுமா?

கேள்வி கேட்டவர் கல்முனையில் ஒரு வங்கிக் கிளையில் புதிதாகப் பதவி உயர்வு பெற்றவர். கீழே எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். தலைமை அலுவலகம் கோச்சிங் எடுக்கச் சொல்கிறதாம், ஒருவர் தனியாகக் கேள்வி கேட்டு நம்மையே யோசிக்க வைக்கிற அந்தக் கோச்சிங். ‘இது கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மேடைப் பேச்சா, இல்லை ஏதும் மாறுமா?’ என்று கேட்கிறார்.

எனக்கு மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் அல்ல.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் லைன் சுப்பர்வைசர். ஹெல்பராகச் சேர்ந்து, ஓவர்லொக் மெஷினில் சில வருடம் இருந்து, இந்த வேலைக்கு வந்தவள். என் லைனில் 26 பேர். செங்கலடி, கிரான், கரடியனாறு என்று விடிய முன்னமே பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். என் அப்பா படுவான்கரையில் ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயல் சொந்தக்காரரிடம், வயல் வேலையைப் பார்க்கிற முல்லைக்காரனாக இருந்தவர். வரம்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த வட்டைக்குக் கேட்கும். அந்தத் தொண்டைதான் எனக்கும். மெஷின் இரைச்சலுக்கு அது வசதியாகத்தான் இருந்தது, ஒரே மாதத்தில் மூன்று பேர் வேலையை விட்டுப் போகும் வரைக்கும். மூன்று பேரும் எழுதிக் கொடுத்த காரணம் ‘குடும்பச் சூழ்நிலை’. நிர்வாகம் அதை நம்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, ஆறு தடவை கோச்சிங் என்றார்கள். பிழை விட்ட பீஸை ஒதுக்கித் திருத்தித் தைக்க ஒல்டரேஷனுக்குப் போடுவோமே, அப்படி என்னையும் போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

வீட்டில் சொன்னதும் அம்மா, “கோச்சியா? கொழும்புக்கா போகப் போறாய் மகள்?” என்றார். ரயிலைக் கோச்சி என்று சொல்லிப் பழகிய வாய். பிறகு தேடிப் பார்த்தால் அம்மா கேட்டதிலும் பெரிய பிழையில்லை. ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே பெயராகி ஐரோப்பா முழுக்கப் பரவியது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்ட் மாணவர்கள், பரீட்சையைக் கடக்க வைக்கிற தனியாசிரியரைக் கேலியாக அந்தச் சொல்லால் அழைத்தார்கள். அப்புறம் விளையாட்டுக்குப் போய், அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறவர், அவ்வளவுதான். எங்கே போக வேண்டும் என்பதை ஏறுகிறவர்தான் சொல்ல வேண்டும். இது விளங்காமல் நான் முதல் தடவை முழுக்க, ‘என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் தடவை ஆங்கிலத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து சூமில். ‘ஸ்ட்ரெஸ்’, ‘டீம்’, ‘மோட்டிவேஷன்’ என்று எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் அடுக்கினேன். முடிந்த பிறகு யோசித்தால் ஒரு விஷயமும் கதைக்கவில்லை. தமிழ் தெரிந்தவரைத் தாருங்கள் என்று கேட்டு மாற்றிக்கொண்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது, ஆனால் இந்த விஷயத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அது. எனக்கு ஏச்சு தமிழில்தான் வருகிறது. அதைப் பற்றிக் கதைப்பதற்கு மட்டும் எப்படி ஆங்கிலம் வரும்?

புதியவர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. பொக்கெட் தைக்கிற பிள்ளை பிழை விட்டால் நான் பீஸை வாங்கி, அவளை எழுப்பிவிட்டு, நானே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர், “சரி, அந்த நேரம் மற்ற 25 பேரையும் யார் பார்க்கிறார்கள்?” என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்டோரில் துணி ரோல்களுக்கு நடுவே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஷின் சத்தம் வராத இடம் அது ஒன்றுதான். அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் நான் இருந்ததே இல்லை.

அடுத்த கிழமைக்கு ஒரேயொரு வேலை. பீஸைத் தொடக் கூடாது. கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது. செய்து பாருங்கள், ஆறு ஏழிலேயே நாக்கு துடிக்கும். பொக்கெட் பிள்ளையிடம், “என்ன நடக்குது?” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டு வரை எண்ணியிருப்பேன். மெதுவாக இரண்டு துண்டுகளைத் தூக்கிக் காட்டினாள். வெட்டுகிற பகுதியில் துணியைத் தட்டுத் தட்டாக விரித்து, ஒரேயடியாகக் கத்தி மெஷினால் வெட்டுவார்கள். எத்தனையாவது தட்டு என்று ஒவ்வொரு துண்டிலும் சின்ன நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். அடுக்கு உயரமானால் கத்தி கொஞ்சம் சாயும். அடித்தட்டுத் துண்டுகள் மேல்தட்டுத் துண்டுகளோடு சரியாகப் பொருந்தாது. பொக்கெட் வைக்கிற அடையாள வெட்டு ஒரு நூல் அளவுக்கு விலகியிருக்கும். அவளுக்குப் பிழை வருவதெல்லாம் அடித்தட்டு நம்பர்களில் மட்டும்தான். அதை அவள் இரண்டு மாதமாகக் கவனித்து வைத்திருக்கிறாள்.

“ஏன் சொல்லல?” என்றேன்.

“சொன்னா ஏசுவீங்க எண்டுதான் மிஸ்.”

வெட்டுகிற பகுதிக்குப் போய்க் கதைத்து அடுக்கின் உயரத்தைக் குறைக்க வைத்தோம். அது தனிக் கதை, அங்கேயும் ஓர் அண்ணனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒல்டரேஷன் நின்றுபோகவில்லை, குறைந்தது. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. இரண்டு மாதமாக நான் கெட்டித்தனம் என்று நினைத்துத் தைத்துக் கொடுத்ததெல்லாம் அந்தப் பிள்ளையின் வாயை அடைத்த வேலை.

கோச்சிங்கின் முறை இதுதான். 1980களில் இங்கிலாந்தில் உருவான ‘குரோ’ (GROW) என்கிற நாலு படியைப் பலரும் பிடித்துக்கொள்கிறார்கள்: எதை அடையப் பார்க்கிறாய், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய். வாசித்தால் இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். இரண்டாவது படியில்தான் எல்லாரும் வழுக்குகிறோம். நிலைமை என்ன என்று பார்க்காமலே வழிக்குத் தாவிவிடுவோம். பயிற்சி வகுப்பில் தெரியாததைச் சொல்லித் தருவார்கள், அனுபவஸ்தர் தன் அனுபவத்திலிருந்து புத்தி சொல்வார். கோச் இரண்டும் செய்வதில்லை. மனம் உடைந்திருக்கிற ஆளுக்கு வேண்டியது உளவள ஆலோசகர். அந்த இடத்தில் கோச்சிங் போதாது, நல்ல கோச் அதைத் தானே சொல்லி அனுப்பிவிடுவார்.

யார் வேண்டுமானாலும் ‘கோச்’ என்று பலகை மாட்டலாம் என்பதால் ஆளை விசாரியுங்கள். 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று தரத்தில் சான்று கொடுக்கிறது. முதல் தரத்துக்கே 60 மணித்தியாலப் பயிற்சியும் 100 மணித்தியால அனுபவமும் வேண்டும். அடுத்ததற்கு 125உம் 500உம். மேல் தரத்துக்கு 200உம் 2,500உம். சான்று இருந்தால் நல்ல ஆள் என்று அர்த்தமில்லை. என்றாலும் ‘உங்கள் வாழ்க்கையை மூன்று நாளில் மாற்றுகிறேன்’ என்று போஸ்டர் ஒட்டுகிறவரை இதை வைத்தே கழித்துவிடலாம்.

கோச்சிங்கால் ஆகாததையும் சொல்ல வேண்டும். மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுகிற இலக்கே நடக்காத இலக்காக இருந்தால், நான் எவ்வளவு இனிமையாகக் கேள்வி கேட்டாலும் லைன் களைத்துத்தான் போகும். சம்பளம் காணாது என்று போகிற பிள்ளையைப் பத்து எண்ணி நிறுத்த ஏலாது. நிர்வாகம் பார்க்க வேண்டிய விஷயத்தைச் சுப்பர்வைசரின் ‘குணம்’ என்று எழுதிக் கோச்சிங்குக்கு அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. என் விஷயத்திலும் பாதி அப்படித்தான் என்று இன்னும் நினைக்கிறேன்.

அந்த இரண்டு மூத்தவர்களைப் பற்றி: கோச்சிங் முடித்த மறுநாளே அவர்களிடம் போய், ‘அண்ணன், நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று தொடங்காதீர்கள். நான் தொடங்கினேன். ‘மிஸ்ஸுக்கு என்னவோ சுகமில்லை’ என்று லைன் முழுக்கக் கதை. ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் வந்து உண்மையாகவே விசாரித்தாள். கிட்டத்தட்ட ஒரு மாதம் போன பிறகுதான் நான் கேட்டால் பதில் வரத் தொடங்கியது. இன்னும் ஏசுகிறேன், போன வெள்ளிக்கிழமைகூட. ஏசிவிட்டுத் திரும்பிப் போய் எதற்கு ஏசினேன் என்று சொல்கிறேன். முன்பு அது இல்லை.

செலவு வங்கியுடையது என்றால் தயங்காமல் எடுங்கள். ஆனால் முதல் நாளே, நான் இங்கே கதைப்பதில் எவ்வளவு என் முகாமையாளரிடம் போகும் என்று முகாமையாளரும் இருக்கும்போதே கோச்சிடம் கேட்டு, ஈமெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைக் கேட்டது நாலாவது தடவையில்தான். அதுவரை பாதியை மறைத்துக்கொண்டுதான் கதைத்தேன்.